பெயரும் பிணியும்

தமிழ் இலக்கண நூலார் தகுதி வழக்கு என ஒன்றை வகுத்து, அதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்துரைத்தனர். அவையிற் சொல்லத் தகாத ஒன்றை வேறு வாய்பாட்டான் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாத ஒன்றை மங்கலமாக்கிக் கூறுவது மங்கலம். ஒரு தொழிற் கூட்டத்தார் பிறர் அறியாவாறு தமக்குள்ளே வழங்கும் குறி குழூஉக்குறி. சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலத்துக்கு உதாரணங்கள். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறிக்கு உதாரணம். நாகத்தை நல்லபாம்பு என்று நாம் சொல்வதும் மங்கலத்தின் பாற்படும்.

கொல்லும் நஞ்சுடைய பாம்புக்கு நம் முன்னோர் 'நல்ல' என்னும் அடைகொடுத்தனர். அச்சமும் பக்தியும் கலந்து பிறந்த பெயர் அது. நாகதம்பிரான் கோவில்களில் பொங்கலிட்டு, புற்றிற்குப் பால் வார்த்து வணங்கும் நாட்டில் அப்பெயர் நிலைபெற்றதில் வியப்பில்லை. திருக்கோவிலுக்கு நாகர்முனை என்று பழம்பெயர் வழங்கிய நிலப்பகுதி நம்முடையது. ஆயினும், அப்பெயர் எவரையும் ஏமாற்றியதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளரும் சிறுபிள்ளையும் நல்லபாம்பு கடித்தால் உயிர் போகும் என்பதை அறியும். சொல் மங்கலமாயிற்று, பொருள் மறைபடவில்லை.

இக்காலத்தில் வேறுவகையான பெயரீடு ஒன்று தோன்றியுள்ளது. மங்கலமும் குழூஉக்குறியும் ஒன்றாய்க் கலந்த அப்பெயரீடு, பொருளை மறைப்பதற்கென்றே பயன்படுகின்றது. மேலைநாடுகளிற் பாம்புகளைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர்க்கு விற்கும் வணிகர், தாம் பெருக்கும் பாம்பு வகைகளுக்குச் சிலந்தி, சாம்பெயின், வெண்ணெய், கறுவா, வாழைப்பழம், சீனிப்பாகு என்றெல்லாம் பெயரிட்டுள்ளனர். கேட்போர்க்கு ஒரு தின்பண்டக் கடையின் விலைப்பட்டியல் போலத் தோன்றும். அப்பெயர்கள் எல்லாம் நோயைக் குறிப்பன அல்ல; சில வெறும் நிறத்தையே குறிப்பன. ஆனால் சில பெயர்களின் பின்னே, பிறவியிலேயே அமைந்து, மருந்தால் தீராத பிணி ஒன்று இருக்கின்றது. அதனை விற்பவன் அறிவான், வாங்குபவன் பெரும்பாலும் அறியான், சுமப்பது பாம்பு. இதுபற்றி நாம் சிந்திக்க வேண்டிய காரணங்கள் உள. அவற்றை முறையே கூறுவோம்.

இவ்வாணிகத்தின் நடுவில் இருப்பது பந்து மலைப்பாம்பு எனப்படும் ஓர் உயிர். பிரித்தானியர் இதனை அரச மலைப்பாம்பு என்பர். நம் காடுகளில் வாழும் வெங்கிணாந்திக்கு இது தூரத்து உறவு. ஆனால் அத்துணைப் பெரிதன்று. மூன்று முதல் ஐந்து அடி நீளம் வளரும். நஞ்சில்லாதது. மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவின் சில பகுதிகளிலும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழ்வது. அச்சமுற்றால் சீறிப் பாய்வதை விடுத்து, தலையை நடுவில் மறைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும். இச்சாதுவான இயல்பே அதற்குப் பகையாயிற்று. கையில் எடுத்தால் கடியாத பாம்பு என்பதால், வீட்டில் வளர்க்க விரும்பியோர் இதனையே நாடினர். கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கில் இது ஏற்றுமதியாயிற்று. அதே பெனின் நாட்டில், உவீதா என்னும் ஊரில், இப்பாம்புகளையே தெய்வமாகப் பேணும் கோவிலொன்று இன்றும் உண்டு. அங்குள்ளோர் இதனை மிதிக்கவும் அஞ்சுவர். நாகத்தை வணங்கும் நமக்கு அவர்கள் உள்ளம் விளங்காததன்று.

இயற்கையில் இப்பாம்பின் நிறம் கபிலமும் கருமையும் கலந்தது. ஆயிரக்கணக்கானவற்றுள் எப்போதேனும் ஒன்று நிறம் மாறிப் பிறக்கும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிறிய பாம்பொன்றின் நிறம் அதன் சந்ததிக்கு முறையாக இறங்குவது கண்டறியப்பட்டது. அன்றுமுதல் நிறம் மாறிய பாம்பைத் தேடிப் பிடிப்பதும், அதன் நிறத்தைப் பல்கச் செய்வதும் ஒரு தொழிலாயிற்று. 1999இல் ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பாம்பு ஒன்றின் உடலில், சிலந்தி வலை போன்ற மெல்லிய கருங்கோடுகள் மஞ்சள் நிறத்தின்மேல் ஓடின. அதற்குச் சிலந்தி என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் உள்ள சிலந்தி வகைப் பாம்புகள் அவ்வொன்றின் வழித்தோன்றல்களே.

அச்சிலந்தி வகையில் ஒரு குறை தோன்றியது. தலை ஓயாது நடுங்கும். சில பாம்புகள் கழுத்தைத் திருகித் தலைகீழாகப் பார்க்கும். குப்புறப் புரட்டினால் மீண்டும் நேராகத் திரும்ப அறியாது தடுமாறும். இரையைக் கவ்வப் பாய்ந்தால் குறிதவறும். சிலவற்றில் இது மெல்லிதாகவும் சிலவற்றிற் கடுமையாகவும் காணப்படும். ஆனால் இவ்வகையிற் பிறந்த எதுவும் இதிலிருந்து முற்றும் தப்புவதில்லை என்பதே அதனைக் கூர்ந்து நோக்கியோர் கருத்து. வணிகர் இப்பிணிக்கும் பெயரொன்று வைத்தனர். தள்ளாட்டம் என்னும் பொருள்படும் விளையாட்டான ஆங்கிலச் சொல் அது. தத்தித் தத்தி நடக்கும் குழந்தையை எண்ணி நகைப்பது போன்ற சொல். நரம்பு நோயொன்றை அச்சொல்லால் அழைத்தபோதே பாதி வேலை முடிந்துவிட்டது. கேட்பவன் இரக்கம் கொள்ளாது புன்னகை செய்வான்.

ஆய்வாளர் அவ்வாறு புன்னகை செய்யவில்லை. 2014இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர், இந்நரம்புக் குறையும் இவ்வுயிரின் நலனும் பற்றி விலங்கு மருத்துவ இதழொன்றில் எழுதினர். 2022இல் ஜேர்மனிய ஆய்வாளர் சிலர், சிலந்திப் பாம்புகளின் தலைகளை நுண்ணிய ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்து, இயல்பான பாம்புகளின் தலைகளோடு ஒப்பிட்டனர். நோயின் இருப்பிடம் உட்காது என்பது அங்கே புலனாயிற்று. உடல் எப்பக்கம் சாய்கின்றது, எப்பக்கம் திரும்புகின்றது என்பதை உணர்த்துவன உட்காதிலுள்ள சிறுபையும் அரைவட்டக் கால்வாய்களுமே. சிலந்திப் பாம்பில் அச்சிறுபை சிறுத்து உருச்சிதைந்திருந்தது. கால்வாய்களும் இயல்பான வடிவில் இல்லை. ஆகவே, அப்பாம்புக்கு மேல் எது, கீழ் எது என்பதை உணர்த்தும் கருவியே பழுதாகப் பிறக்கின்றது. நாம் ஓடத்திலிருந்து இறங்கியபின் சிறிது நேரம் தரை ஆடுவதுபோல் உணர்கிறோம் அன்றோ? சிறிது நேரத்தில் அது தீரும். அப்பாம்புக்குத் தரை நிலைபெறும் நேரமே இல்லை.

தோலின் நிறத்துக்கும் காதின் அமைப்புக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். முளையம் உருவாகும் தொடக்கத்தில், முதுகுப்புறத்தே நரம்புக் குழாயின் ஓரமாக ஒருவகைக் கலங்கள் தோன்றி, உடலெங்கும் பரந்து செல்கின்றன. தோலுக்கு நிறந்தரும் கலங்கள் அவற்றின் வழிவந்தவை. நரம்புத் தொகுதியின் சில பகுதிகளும், காதின் உருவாக்கத்திற் பங்குகொள்ளும் சில கூறுகளும் அக்கலங்களோடு தொடர்புடையன. எனவே, அவற்றின் செலவைத் திரிக்கும் பரம்பரையலகு ஒன்று, தோலில் அழகாகவும் உள்ளே ஊனமாகவும் வெளிப்படக்கூடும். சிலந்தியின் குறைக்கும் இதுவே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இது முற்றிலும் புதிய செய்தியன்று. வெண்ணிறமும் நீலக் கண்களும் உடைய பூனைகள் செவிடாயிருத்தலை டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலேயே குறித்துள்ளார். புள்ளிகளுக்காகப் பெருக்கப்பட்ட டல்மேசியன் நாய்களிற் பல செவிடாகப் பிறத்தலையும் நாய் வளர்ப்போர் நன்கறிவர். நிறத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பெருக்கலாம் என்பது மனிதனின் எண்ணம். உடல் அவ்வாறு தனித்தனிப் பெட்டிகளாகப் பகுக்கப்பட்டதன்று.

சிலந்தி ஒன்றே இத்தகையது என்றும் கருதவேண்டா. சாம்பெயின் என்னும் வகையிலும் இதுபோன்ற நடுக்கம் காணப்படுகின்றது. சீனிப்பாகு வகையில் முதுகெலும்பு முறுகிய குஞ்சுகள் பிறக்கின்றன. கறுவா நிறத்துப் பாம்புகள் இரண்டைச் சேர்த்துப் பெறும் கருங்குஞ்சுகளில் முதுகெலும்பு வளைவும் வாத்தின் அலகுபோன்ற முகக்கோணலும் தோன்றுகின்றன. பாலைவனம் என்று பெயர்பெற்ற வகையின் பெண் பாம்புகள் நல்ல முட்டை இடமாட்டாமல், முட்டை வயிற்றிற் சிக்கி இறந்தமையால், அவ்வகையை வளர்ப்போரே அதைக் கைவிட்டனர். அவுஸ்திரேலியப் பகுதிக்குரிய கம்பள மலைப்பாம்பின் ஜாகுவார் வகைக்கும் நரம்புக் குறை உண்டு. அவ்வகையில் இரண்டைச் சேர்த்தால், முழு வெண்மையாக வரும் குஞ்சுகள் முட்டையிலேயோ வெளிவந்தவுடனேயோ மாண்டுபோகின்றன.

பாம்புக்கு இனமான பல்லி வகை ஒன்றின் கதையும் இங்கே கூறத்தக்கது. சிறுத்தைப் பல்லி என்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளுக்குரியது; உலகெங்கும் வளர்க்கப்படுவது. அதில் வெண்மையும் எலுமிச்சை மஞ்சளும் கலந்து ஒளிரும் வகையொன்று தோன்ற, அதற்கு எலுமிச்சைப் பனி என்று பெயரிட்டுப் பெருவிலைக்கு விற்றனர். ஓராண்டு செல்லுமுன் அவற்றின் தோலிற் கட்டிகள் எழுந்தன. அதனை வளர்த்த ஒருவர் அதை மறைத்துவைக்காமல், கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு அறிவித்து, தம் பல்லிகளின் மாதிரிகளையும் அளித்தார். 2021இல் வெளிவந்த ஆய்வு, அவ்வகைப் பல்லிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நிறக்கலங்களிற் பிறக்கும் புற்றுக்கட்டிக்கு ஆளாகின்றன என்று காட்டியது. அந்நிறத்தைத் தந்த பரம்பரையலகே புற்றுக்கும் காரணம் என்பதும் அதிற் புலனாயிற்று. கண்டோர் வியந்த ஒளி, கட்டுக்கடங்காது பெருகிய கலங்களின் ஒளியே. அழகும் நோயும் அங்கே இருவேறு பொருள்களாக இருக்கவில்லை.

இவை எவ்வாறு பெருகுகின்றன என்பதையும் நோக்க வேண்டும். பரம்பரையலகுகளில் ஆட்சியுடையன என்றும் பின்னிடைவானவை என்றும் இருவகை உண்டு. பின்னிடைவானது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் சேர்ந்தாலன்றி வெளிப்படாது. ஆகவே, அத்தகைய நிறத்தை வெளிக்கொணரத் தந்தையை மகளோடும், உடன்பிறந்தவற்றைத் தம்முளும் சேர்ப்பது வளர்ப்போர் வழக்கம். இதனால் மறைந்திருந்த வேறு குறைகளும் உடன் வெளிப்படும். சிலந்தியின் பரம்பரையலகோ ஆட்சியுடையது. ஒரு சிலந்தியை இயல்பான பாம்போடு சேர்த்தால், சராசரியாகக் குஞ்சுகளிற் பாதி சிலந்தியாகப் பிறக்கும். ஆறு முட்டையில் மூன்று என்று கொள்ளலாம். இதன் மறுபக்கத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஆட்சியுடைய குறை மறைந்து வாழாது. சிலந்தியைச் சேர்க்காதிருந்தால், ஒரு தலைமுறையில் அந்நோய் உலகிலிருந்து ஒழிந்துபோகும். மருந்து வேண்டா, மருத்துவர் வேண்டா, பணமும் வேண்டா. சேர்க்காதிருந்தாற் போதும். இத்துணை எளிதில் ஒழியத்தக்க நோய் வேறொன்று உண்டோ? ஆயினும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அது பெருகிக்கொண்டே வந்திருக்கின்றது. இதனால், ஒவ்வொரு நோயுற்ற குஞ்சும் ஒருவர் வேண்டுமென்றே செய்த தெரிவின் பயன் என்பது வெளிப்படை.

இங்கே மீண்டும் பெயரின் மாயத்தைக் காண்க. சிலந்தியை வேறொரு நிறத்தோடு கலந்து பெற்ற பாம்புக்கு வண்டுத்தேனீ என்று பெயரிட்டனர். அதன்மேலும் ஒரு நிறத்தைக் கூட்டி, வேறொரு தேனீயின் பெயரைச் சூட்டினர். சிலந்திக்கு நோயுண்டு என்று கேள்விப்பட்ட ஒருவர், அதனை விலக்கி, வண்டுத்தேனீயை வாங்கி வீடு செல்வார். பெயர் மாறியது, பிணி மாறவில்லை. முன்னோரின் குழூஉக்குறியிற் பொன்னுக்குப் பறி என்று பெயர் மாறியபோது பொன்னின் மாற்றுக் குறையவில்லை. இவ்வணிகரின் குழூஉக்குறியோ மாற்றுக் குறைந்ததை மறைக்கவே உதவுகின்றது.

மனிதன் தன் தேவைக்காக உயிர்களைத் தெரிந்து பெருக்குவது புதிய வழக்கமன்று, குற்றமுமன்று. நம் வயற்காரர் விதைநெல் எடுக்கும்போது மணி முற்றிய கதிரைத் தெரிகின்றனர். பதரை விதைநெல்லாக வைக்கும் கமக்காரன் எவனும் இல்லன். எருமை வளர்ப்போர் பாலும் உடல் வலியும் உள்ளதன் கன்றையே பேணுவர். அத்தெரிவில் மனிதனுக்குப் பயனும் உயிருக்கு உறுதியும் பெரும்பாலும் ஒருங்கே செல்லும். பாம்பு வளர்ப்பில் நிகழ்வது வேறு. பதர் பொன்னிறமாய் இருக்கின்றது என்று கண்டு, அதனையே விதைநெல்லாகச் சேமித்தல் போன்றது அது. நெற்பதர் முளையாது, தன்னைத்தானே ஒழித்துக்கொள்ளும். நோயுற்ற பாம்பையோ வளர்ப்போர் இரையூட்டிக் காத்து, வலிந்து பெருக்குகின்றனர். காட்டில் அத்தகைய குஞ்சு இரை பிடிக்கவும் மாட்டாது, பகைக்குத் தப்பவும் மாட்டாது. அதன் குறை அதனோடே முடிந்துவிடும்.

இதற்கு அவர்கள் கூறும் மறுமொழிகளையும் நேர்மையாக ஆராய்தல் நம் கடன். அப்பாம்பு உண்கிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது, பல்லாண்டு வாழ்கிறது; துன்புற்றால் அவ்வாறு செய்யுமோ என்பது ஒன்று. உண்பதும் ஈனுவதும் துன்பமின்மைக்குச் சான்றாகா. நொண்டி மாடும் புல் தின்னும், கன்றும் ஈனும். அன்றியும் பாம்பு தன் துன்பத்தை நமக்கு உரைக்க வல்லதன்று. நாய் குரைத்து அழும், பூனை முனகும், பாம்புக்கோ அழுகுரல் இல்லை, முகக்குறி இல்லை, மூடித் திறக்க இமையும் இல்லை. வாவியின் அடியிலிருந்து எழும் ஒலியைப் பாட்டென்று கொண்டு, நிலவொளியிற் காதுகொடுத்துக் கேட்டவர் நம் ஊரார். பேசாத உயிரிடத்தும் செவிசாய்க்க வேண்டும் என்னும் பண்பை அவ்வழக்கம் காட்டுகின்றது. ஒலி எழுப்பாத உயிரின் துன்பத்தை அறிய அதன் உடலையே நூலாகப் படிக்க வேண்டும். ஜேர்மனியர் உட்காதைப் படம்பிடித்துப் படித்தது அதனையே.

வீட்டிற் பெருக்குவதால் காட்டிற் பிடிப்பது குறைகின்றது என்பது இரண்டாவது மறுமொழி. இதில் உண்மை உண்டு, அதனை மறுக்கவேண்டா. நோயற்ற பாம்பை முறையாக வளர்த்துப் பெருக்குவதை இக்கட்டுரை குற்றஞ்சாட்டவில்லை. நிறம் மாறிய வகைகளிலும் துன்பமின்றி வாழ்வன பல. அவற்றையும் பழிக்கவில்லை. நூற்றுக்கணக்கான நிறங்கள் கைவசம் இருக்கையில், நோயோடு பிணைந்த சில நிறங்களைக் கைவிட்டால் எவர் குடியும் கெடாது என்பதே நம் வாதம்.

பாம்பு வளர்ப்பது நம் நாட்டு வழக்கமன்று. இக்கவலை நமக்கெதற்கு என்பது மூன்றாவது. இது நம்மவரே கேட்கக்கூடியது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. வெங்கிணாந்தியைப் பிடிப்பதும் அயல்நாட்டுப் பாம்பை அனுமதியின்றிக் கொணர்வதும் குற்றமாகும். ஆயினும், ஆசைக்குக் கடல் தடையன்று. 2023 ஜூலையில் மலேசியாவிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளையும் 2 பல்லிகளையும் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தனர். அதே ஆண்டு செப்ரெம்பரில் பாங்கொக்கிலிருந்து பெங்களூருக்கு வந்த பெட்டிகளில் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 கருநாகங்களும் உயிரோடு இருந்தன. உடனிருந்த 6 குரங்குகள் இறந்து கிடந்தன. அப்பந்து மலைப்பாம்புகள் பல நிற வகையின என்று அதிகாரிகள் குறித்தனர். 2025 ஜூலையில் பாங்கொக் விமான நிலையத்தில், மூன்று பந்து மலைப்பாம்புகளை உள்ளாடைக்குள் மறைத்துவைத்திருந்த ஒருவரைத் தாய்லாந்து அதிகாரிகள் பிடித்தனர். அவர் இலங்கையர். ஆகவே, அவ்வாணிகம் நம் வாயிற்படிக்கு வந்துவிட்டது. கள்ளமாக வரும் உயிருக்கு மருத்துவரைக் காட்டவும் இயலாது. அதன் பிறவிக் குறையைப் பற்றி விற்றவனை வினவவும் இயலாது.

பாம்பை விட்டுவிடுவோம். நம் பட்டினங்களிலுள்ள மீன்தொட்டிக் கடைகளுக்குச் சென்று பாருங்கள். பலூன் மொலி என்னும் சிறுமீன் அங்கே நீந்தும். உருண்டு திரண்ட அதன் வயிற்றைக் கண்டு பிள்ளைகள் மகிழ்வர். முதுகெலும்பு குறுகி வளைந்தமையால் உடல் அவ்வாறு திரண்டது என்பதைப் பெயர் சொல்லாது. பலூன் என்றவுடன் திருவிழா நினைவுக்கு வரும்; ஊனம் நினைவுக்கு வராது. மூக்குச் சப்பையான பக் நாய்க்குட்டியைப் பெருவிலை கொடுத்து வாங்கி, அது மூச்சுவிட முடியாது குறட்டை விடுவதைக் கண்டு சிரிக்கும் வீடுகள் இப்போது நம்மிடையேயும் உண்டு. அன்றியும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழும் நம்மவரின் பேரப்பிள்ளைகள் வளரும் ஊர்களில், பாம்பு வளர்ப்பது நாய் வளர்ப்பது போன்றதே. நாளை அப்பிள்ளை வண்டுத்தேனீ ஒன்று வாங்கித்தருமாறு கேட்கும்போது, அதன் பொருளைச் சொல்ல வேண்டியவர் நம்மவரே.

பிறநாட்டார் இதற்கு என்ன செய்தனர்? ஜேர்மனியர் முதலிற் செய்தது ஒரு சொல்லை ஆக்கியது. வதை என்னும் பொருளுடைய சொல்லையும் இனம்பெருக்கல் என்னும் பொருளுடைய சொல்லையும் சேர்த்துக் குவால்சுக்ட் என்று ஒரு தொடர்மொழி அவர்கள் நாட்டில் வழங்குகின்றது. 1986இல் தம் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், துன்பமோ ஊனமோ விளையும் என்று அறிந்து முதுகெலும்புடைய உயிரைப் பெருக்குதல் ஆகாது என்று விதித்தனர். நாய், பூனை என்று பெயர் குறித்து நில்லாது, முதுகெலும்புடைய அனைத்தையும் அடக்கியமையால், அவ்விதியிற் பாம்புக்கும் இடமுண்டு. சுவிற்சர்லாந்தினர் 2015 முதல், பிறவிக்குறையின் சுமையைப் பூச்சியம் முதல் மூன்று வரை தரம்பிரித்து, மூன்றாந் தரத்து உயிரைப் பெருக்கலாகாது என்றனர். இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு விதிகள் பரம்பரைக்குறையுள்ள நாயைப் பெருக்குவதைக் கட்டுப்படுத்தின; பாம்பைக் கருதவில்லை. ஆயினும், அந்நாட்டு ஊர்வன வளர்ப்போரின் பழைய சங்கமொன்று, தான் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகளில் அதே ஆண்டு சிலந்தி வகையை விலக்கியது. சட்டம் செய்யாததை வளர்ப்போரே செய்தனர் என்பது நினைக்கத்தக்கது.

இலங்கையில் விலங்கு வதையைத் தடுக்க 1907இல் இயற்றப்பட்ட சட்டம் அடித்தலையும் மிகைப்பாரம் ஏற்றலையும் போன்ற கொடுமைகளையே கருதியது. பிறப்பினுள்ளேயே வதையை வைத்துத் தைக்கும் ஒரு காலம் வரும் என்று அன்று எவர் எண்ணியிருப்பார்? புதிய சட்டம் இயற்றுவோர் இதனை மறத்தலாகாது. ஆனால், சட்டத்துக்கு முன் சொல் வேண்டும். பெயரில்லாத குற்றத்தைத் தடுத்தல் அரிது.

காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அறிவியலைத் தமிழிற் சொல்ல வேண்டுமாயின் முதலிற் சொற்கள் வேண்டும் என்பதை நன்கறிந்தவர் அவர். அப்பணி முடிந்துவிடவில்லை. ஆதலால், இக்கொடுமைக்கு வதைப்பெருக்கம் என்னும் சொல்லை வழங்கலாம் என்று தமிழறிஞர் முன் வைக்கின்றேன். இனப்பெருக்கம் என்பது பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சொல். அதன் முதற்சொல்லை மாற்றினால் பொருள் உடனே விளங்கும். அவ்வாறு பெருக்கப்பட்ட உயிரை வதையினம் எனலாம். இவற்றினும் தக்க சொல்லை வேறொருவர் தந்தால் அதனை மகிழ்ந்து ஏற்பேன். ஆனால், தள்ளாட்டம் என்றும் தேனீ என்றும் பலூன் என்றும் வணிகன் தந்த சொல்லை அப்படியே ஏற்று வழங்குதல் தமிழர்க்கு அழகன்று.

ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடியைக் கொண்டு பரம்பரையியல் கற்பிக்கின்றோம். மஞ்சள் விதை, பச்சை விதை என்று கட்டமிட்டுக் கணக்குப் போடப் பிள்ளைகள் பழகுகின்றனர். அக்கட்டத்தின் பக்கத்தில் சிலந்திப் பாம்பையும் எலுமிச்சைப் பனிப் பல்லியையும் பலூன் மொலியையும் வைத்துக் கற்பித்தால், கணக்கோடு கருணையும் அவர் உள்ளத்திற் பதியும். பாதிக் குஞ்சு நோயோடு பிறக்கும் என்று கணித்தறிந்த பிள்ளை, பின்னர் அதனை அறியாதவன்போற் செய்யமாட்டான்.

வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டே. இந்நிறம் எதனோடு பிணைந்து வருகின்றது? இதன் தாய் தந்தையர் எவ்வாறு இருந்தனர்? விற்பவன் விடை சொல்லத் தயங்கினால் வெறுங்கையோடு திரும்புதல் நலம். வாங்குவோர் இல்லையெனில் பெருக்குவோர் இலர். தலைநடுங்கும் ஒரு பாம்பு ஏற்கனவே நம் வீட்டில் இருக்குமாயின், அதனை வெறுத்து எறிய வேண்டா. அதற்கு உயரமில்லாத இருப்பிடமும் அமைதியும் தந்து, இறுதிவரை பேணி, அதனோடு அக்குறை முடிவடையுமாறு செய்தலே அறம்.

நம் முன்னோர் நஞ்சுள்ள நாகத்தை நல்லபாம்பு என்றனர். அதன் வழியில் குறுக்கிடாது விலகி நின்றனர். அவ்வுயிரிடத்து அவர்கள் வைத்த மரியாதை, பெயரோடு நில்லாது செயலிலும் இருந்தது. நாமும் பெயரை மட்டும் காத்து, செயலைக் கைவிடாதிருப்போமாக.